நாற்காலியை சட்டம் தந்தது. பெயரைச் சொல்ல ஆள் இருக்கிறதா? பெண் தலைவர்களும் ‘நெட்வொர்க்’ பிரச்னையும்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு இந்திய நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 149 சொல்வது இது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது இயக்குநர் நாற்காலிகளில் இருபதில் ஒன்றில்தான் பெண் இருந்தார். இப்போது சுமார் ஐந்தில் ஒன்றில் இருக்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நிறுவனங்களில் தலைமைச் செயல் அதிகாரி யார், நிர்வாக இயக்குநர் யார் என்று பார்த்தால் பெண்களின் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடுகிறது. சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் பெண்கள் வந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி, இன்னொருவர் தலையாட்டி முடிவாகும் இடங்களில் இன்னும் அவ்வளவாக வரவில்லை.

ஏன்? திறமை இல்லையா? படிப்பு இல்லையா? இரண்டும் இருக்கிறது. இல்லாமல் போவது பெரும்பாலும் மூன்றாவது ஒன்று. அதைத்தான் ‘நெட்வொர்க்’ என்கிறோம். அது என்ன, பெண்களுக்கு மட்டும் அது ஏன் கடினமாகிறது, போலித்தனம் இல்லாமல் அதை எப்படி வளர்ப்பது என்று பார்ப்போம்.

சட்டம் வந்ததும் என்ன நடந்தது?

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 100 கோடி ரூபாய்க்குக் குறையாத செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் அல்லது 300 கோடி ரூபாய்க்குக் குறையாத விற்றுமுதல் உள்ள பொது நிறுவனங்கள் ஆகியவை ஒரு பெண் இயக்குநரையாவது வைத்திருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி முதலில் 2014 அக்டோபர் வரை கெடு வைத்தது. பிறகு அதை 2015 ஏப்ரல் 1 வரை நீட்டித்தது. தாமதித்த நிறுவனங்களுக்கு 50,000 ரூபாயிலிருந்து அபராதம் தொடங்கியது.

கெடு நெருங்க நெருங்க நிறுவனங்கள் அவசரமாக ஆள் தேடின. பல இடங்களில் தேடல் வீட்டைத் தாண்டவில்லை. நிறுவனர் குடும்பத்தின் மனைவி, மகள், மருமகள் என்று நாற்காலி நிரம்பியது. குடும்பத்துப் பெண் என்பதாலேயே ஒருவர் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்பவர், கேள்வி கேட்கப்பட வேண்டியவரின் வீட்டு ஆளாகவே இருந்தால் எப்படிக் கேட்பார்?

இதனால்தான் 2017-ல் உதய் கோடக் தலைமையிலான குழு, ‘சுயாதீன’ பெண் இயக்குநர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிறுவனர் குடும்பத்தோடு உறவோ, நிறுவனத்தோடு பணத் தொடர்போ இல்லாதவர் என்று பொருள். சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரல் முதலும் இது கட்டாயமானது.

அப்போதும் ஒரு சாக்கு பரவலாகக் கேட்டது: “தகுதியான பெண்கள் கிடைக்கறதில்லைங்க.” உண்மையில், தேடியவர்களின் போன் புத்தகத்தில் அந்தப் பெண்கள் இல்லை. அதனால்தான் ஏற்கெனவே தெரிந்த ஒரு சில பெண்களே பல நிறுவனங்களின் குழுவில் மாறி மாறி உட்காரும் நிலை வந்தது.

இதே கதை கிராமத்திலும் உண்டு

இதைப் பெரிய நிறுவனங்களின் பிரச்னை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. பல மாநிலங்கள் பின்னர் அதைப் பாதியாக உயர்த்தின. இன்று நாடு முழுக்க தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளில் சுமார் 46% பெண்கள்.

ஆனால் வட மாநிலங்களில் ‘சர்பஞ்ச் பதி’ என்றொரு சொல்லும் சேர்ந்தே பிறந்தது. தலைவியின் கணவர்தான் நிஜத் தலைவர் என்று பொருள். கையெழுத்து மனைவியுடையது, முடிவு கணவருடையது. உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போய், மத்திய ஊராட்சி அமைச்சகம் 2023-ல் ஒரு ஆலோசனைக் குழு அமைத்தது. இப்படிப் பினாமியாகச் செயல்படுவோருக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு 2025-ல் பரிந்துரைத்தது.

மும்பையின் இயக்குநர் குழுவுக்கும் ஒரு கிராம ஊராட்சிக்கும் இருக்கும் ஒற்றுமை இதுதான்: நாற்காலி கிடைத்தது, அதைச் சுற்றி இருக்க வேண்டிய மனிதர்கள் கிடைக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலரைத் தெரியாது, ஒப்பந்ததாரரைத் தெரியாது, பக்கத்து ஊர் தலைவியைக் கூடத் தெரியாது என்றால் எந்தத் தலைவியும் தெரிந்தவரைத்தான் நம்பி இருக்க வேண்டி வரும். வீட்டில் இருக்கும் அந்த ‘தெரிந்தவர்’ யார் என்று சொல்லவே வேண்டாம்.

நெட்வொர்க் என்றால் காக்கா பிடிப்பதா?

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கே கொஞ்சம் கெட்ட பெயர். ‘நெட்வொர்க்கிங்’ என்றதும் பலருக்கும் மனதில் வருவது சிபாரிசு, ஆள் பிடிப்பது, மேலதிகாரியைக் காக்கா பிடிப்பது. “நான் என் வேலையை ஒழுங்கா செய்யறேன், அது தானா பேசும்” என்று ஒதுங்கிக்கொள்வோர் நிறைய. நேர்மையான பெண்கள் இதைப் பெருமையாகவே சொல்வதுண்டு.

சிக்கல் என்னவென்றால், வேலை தானாகப் பேசுவதில்லை. அதைப் பார்த்தவர் யாராவது பேச வேண்டும். பதவி உயர்வு, புதிய திட்டத்தின் பொறுப்பு, இயக்குநர் குழுவின் காலியிடம் ஆகிய மூன்றும் பேசப்படும் அறையில் சம்பந்தப்பட்ட நபர் இருப்பதில்லை. அந்த அறையில் அவர் பெயரை யார் சொல்வார்கள் என்பதுதான் நெட்வொர்க்.

சிபாரிசுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சிபாரிசு, தகுதியைப் பார்க்காமல் உறவைப் பார்க்கிறது. நல்ல தொழில்முறை உறவு, தகுதியை ஏற்கெனவே பார்த்துவிட்டது. அதனால் தைரியமாகப் பெயரைச் சொல்கிறது. முன்னதில் சொல்பவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பின்னதில் சொல்பவரின் மானமும் சேர்ந்தே பணயம் வைக்கப்படுகிறது.

உறவு போலியா உண்மையா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவியை எடுத்துவிட்டால், அந்த மனிதர் உங்கள் போனை எடுப்பாரா? நீங்கள் அவருடைய போனை எடுப்பீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், அது நெட்வொர்க். இல்லையென்றால் அது வெறும் தொடர்பு எண்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் கஷ்டம்?

முதல் காரணம் நேரம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அலுவலகம் முடிந்தபின் நடக்கும் பார்ட்டி, ஞாயிறு காலை கோல்ஃப், கருத்தரங்கு முடிந்த பின்னான நீண்ட இரவுணவு எல்லாமே இந்த மூன்று மணி நேரத்தில்தான் நடக்கின்றன.

இரண்டாவது காரணம் பேச்சு. ஒரு ஆண் மேலாளர் தன் உயரதிகாரியோடு வாரம் ஒருமுறை தனியாகக் காபி குடித்தால் “நல்லா பழகறார்” என்பார்கள். ஒரு பெண் மேலாளர் அதையே செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதற்குப் பயந்து பெண் ஒதுங்குவது ஒரு பக்கம். “எதுக்கு வம்பு” என்று உயரதிகாரியே பெண்களைத் தவிர்ப்பது இன்னொரு பக்கம். இரண்டிலும் நஷ்டம் ஒருவருக்கே.

மூன்றாவது, உறவுகளே இரண்டாகப் பிரிந்துவிடுவது. ஹெர்மீனியா இபாரா என்ற ஆய்வாளர் ஒரு அமெரிக்க விளம்பர நிறுவனத்தை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அங்கே ஆண்களுக்கு நட்பும் வேலை உதவியும் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே, ஒரே வட்டத்திலிருந்து கிடைத்தன. பெண்களோ நட்புக்கும் மனத்துணைக்கும் பெண்களிடம் போனார்கள், வேலை விஷயத்துக்கு அதிகாரத்தில் இருந்த ஆண்களிடம் போனார்கள். அதாவது, ஒரே பலனுக்கு இரண்டு வட்டங்களைப் பராமரிக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று மணி நேரப் பற்றாக்குறையோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்காவது, நம் நாட்டுக்கே உரியது: சாதி. இந்தியாவின் முதல் 1000 நிறுவனங்களின் 2010-ம் ஆண்டு இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து, 2012-ல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் ஒரு ஆய்வு வந்தது. உறுப்பினர்களில் சுமார் 93% பேர் முன்னேறிய சாதியினர் என்றது அது. குழு உறுப்பினர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைத்தான் அழைக்கிறார்கள். தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கல்லூரி, ஒரே கிளப், ஒரே சமூகம். எனவே ‘பெண்களின் நெட்வொர்க்’ என்று பொதுவாகப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பெருநகரத்தில், ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஒரு கதவுதான் மூடியிருக்கிறது. சிறு நகரத்திலிருந்து வரும் தலித் பெண் அதிகாரிக்கு மூன்று நான்கு கதவுகள் மூடியிருக்கின்றன.

அறிவுரை சொல்பவர் வேறு, பெயரைச் சொல்பவர் வேறு

பெண்களுக்கான தலைமைப் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் சொல் ‘மென்டார்’. வழிகாட்டி, ஆலோசகர். நல்ல விஷயம்தான். ஆனால் இபாராவும் அவருடைய சகாக்களும் 2010-ல் எழுதிய ஒரு கட்டுரை இதில் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. பெண்களுக்கு அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. பதவிக்காகக் குரல் கொடுப்பவர் கிடைப்பதில்லை. இரண்டாவது வகை ஆளை ‘ஸ்பான்சர்’ என்கிறார்கள். மென்டார் உங்களிடம் பேசுவார். ஸ்பான்சர் உங்களைப் பற்றிப் பேசுவார்.

இந்தியாவில் இதற்குத் தெளிவான உதாரணம் ஐசிஐசிஐ. லலிதா குப்தே, கல்பனா மோர்பாரியா, ஷிகா சர்மா, சந்தா கோச்சார், ரேணுகா ராம்நாத் எல்லோரும் அந்த ஒரே நிறுவனத்தில் வளர்ந்தவர்கள். ஷிகா சர்மா 2009-ல் ஆக்சிஸ் வங்கியின் தலைமைக்குப் போனார். மோர்பாரியா ஜேபி மோர்கனின் இந்தியத் தலைவரானார். ராம்நாத் சொந்தமாக மல்டிபிள்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். அங்கே பணியாற்றிய மாதபி புரி புச் 2022-ல் செபியின் முதல் பெண் தலைவரானார்.

ஒரே நிறுவனத்திலிருந்து இத்தனை பேர் தற்செயலாக வரவில்லை. என். வாகுல், பிறகு கே.வி. காமத் தலைமையில் இருந்த காலத்தில், பெண் அதிகாரிகளுக்குப் பெரிய, லாப நஷ்டப் பொறுப்புள்ள பிரிவுகள் கொடுக்கப்பட்டன. மனிதவளம், விளம்பரம் என்று ஓரமாக உட்கார வைக்கவில்லை. வேலை தெரிந்தது, தெரிந்ததால் பெயர் சொல்லப்பட்டது. முன்னால் போன ஒரு பெண், பின்னால் வந்தவருக்கு “இது முடியும்” என்பதற்குச் சாட்சியாகவும் இருந்தார்.

இதே கதையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2009-ல் ஐசிஐசிஐ வங்கியின் தலைமைக்கு வந்த சந்தா கோச்சார், கடன் ஒன்றில் நலன் முரண் இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு நடுவே 2018-ல் பதவி விலகினார். உறவும் பதவியும் எங்கே உரச ஆரம்பிக்கின்றன என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது ஆணோ பெண்ணோ எல்லாத் தலைவர்களுக்கும் பொருந்தும் விதி. ஒரு பெண் மீது குற்றச்சாட்டு வந்தால் “பெண்களே இப்படித்தான்” என்று மொத்தமாகப் பேசுவதும் நடக்கிறது. ஆண் வங்கித் தலைவர்கள் சிக்கியபோது யாரும் “ஆண்களே இப்படித்தான்” என்று சொன்னதில்லை.

யாரோடு பழகினால் பலன்? ஆய்வுகள் சொல்வது

நெருங்கிய நண்பர்கள்தான் வேலை வாங்கித் தருவார்கள் என்று நினைக்கிறோம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை மறுத்தார். நெருக்கமானவர்களுக்கு உங்களுக்குத் தெரிந்த அதே செய்திதான் தெரியும். அரைகுறையாகப் பழகியவர் வேறு வட்டத்தில் இருப்பவர். புதுச் செய்தி அவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடி பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2022-ல் சயின்ஸ் இதழில் வந்தது. வேலை மாறுவதற்கு மிதமான அளவு பழக்கம் உள்ளவர்களே அதிகம் உதவினார்கள் என்று அது காட்டியது.

பெண்களுக்கு இதோடு இன்னொன்றும் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஒரு முன்னணி மேலாண்மைக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்த 2019-ம் ஆண்டு ஆய்வு ஒன்று சுவாரசியமானது. பலதரப்பட்டவர்களோடு பரவலான தொடர்பு இருந்தாலே ஆண்களுக்கு நல்ல பதவி கிடைத்தது. பெண்களுக்கு அது மட்டும் போதவில்லை. பரவலான தொடர்போடு, இரண்டு மூன்று பெண்கள் கொண்ட நெருங்கிய வட்டமும் இருந்தவர்கள்தான் உயர்ந்த பதவிகளுக்குப் போனார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. “அந்தக் கம்பெனியில பெண்களை எப்படி நடத்தறாங்க? சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? அந்த அதிகாரியோட வேலை பார்க்க முடியுமா?” இந்தக் கேள்விகளுக்கு எந்த இணையதளத்திலும் பதில் இருக்காது. அங்கே இருந்து வந்த இன்னொரு பெண்ணிடம்தான் இருக்கும். ஆனால் அந்த நெருங்கிய வட்டத்தில் எல்லோரும் ஒரே அலுவலகம், ஒரே ஊர் என்றால் பலன் குறையும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையிலிருந்து வந்தால் நல்லது.

கேரளத்தின் பாடம்

ஊராட்சி விஷயத்தில் ‘கணவர் ஆட்சி’க்கு மாற்று என்ன என்று கேட்டால், கேரளத்தின் குடும்பஸ்ரீயைக் காட்டலாம். 1998-ல் வறுமை ஒழிப்புத் திட்டமாகத் தொடங்கியது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து ஒரு அயல்கூட்டம். பல அயல்கூட்டங்கள் சேர்ந்து வார்டு அளவில் ஒரு அமைப்பு. அதற்கு மேல் உள்ளாட்சி அளவில் ஒன்று. வாரம்தோறும் கூடுவார்கள், சேமிப்பார்கள், கடன் கொடுப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள்.

கேரளம் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50% இடம் ஒதுக்கியபின் நடந்த 2010 தேர்தலில் ஆயிரக்கணக்கான குடும்பஸ்ரீ பெண்கள் வென்றார்கள். அவர்கள் பதவிக்கு வந்தபோதே கூட்டம் நடத்தத் தெரியும், கணக்குக் கேட்கத் தெரியும், வங்கி மேலாளரையும் ஊராட்சிச் செயலரையும் தெரியும். தெருவில் யாருக்கு என்ன பிரச்னை என்றும் தெரியும். கட்சி ஆதிக்கம் போன்ற குறைகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் வரிசை முக்கியம்: உறவு முதலில் வந்தது, பதவி பிறகு வந்தது.

சரி, என்ன செய்யலாம்?

தலைமைப் பொறுப்பில் இருக்கும், அல்லது அதை நோக்கிப் போகும் பெண்களுக்குச் சில நடைமுறை வழிகள்:

வேலை நேரத்துக்குள்ளேயே பழகுங்கள். இரவு பார்ட்டிக்குப் போக முடியவில்லை என்று வருந்த வேண்டாம். பிற பிரிவினரோடு சேர்ந்து செய்யும் குழுக்கள், தணிக்கை, புதிய மென்பொருள் மாற்றம் போன்ற பணிகளில் இடம் கேளுங்கள். சேர்ந்து ஒரு கஷ்டமான வேலையை முடித்தவர்களிடையே வரும் மரியாதை, பத்து பார்ட்டியில் வராது.

குறிப்பாகக் கேளுங்கள். “எனக்கு உதவி பண்ணுங்க சார்” என்பது யாருக்கும் பிடிபடாது. “அடுத்த மாதம் தென் மண்டலப் பொறுப்பு காலியாகிறது, எனக்கு ஆர்வம் இருக்கு, குழுவில் என் பெயரைச் சொல்ல முடியுமா?” என்பது புரியும். மறுத்தாலும் காரணம் தெரியவரும்.

வாங்குவதற்கு முன் கொடுங்கள். ஒரு நல்ல ஜூனியரின் பெயரை வேறு பிரிவுக்குச் சொல்வது, ஒரு காலியிடச் செய்தியைப் பகிர்வது, கூட்டத்தில் இன்னொரு பெண் சொன்ன யோசனையை “இது அவங்க சொன்னது” என்று அடையாளம் காட்டுவது. இதற்கெல்லாம் காசோ நேரமோ பெரிதாகத் தேவையில்லை.

முறையான வழிகளையும் விடாதீர்கள். இயக்குநர் ஆக விரும்புவோருக்காக, கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழுள்ள ஐஐசிஏ 2019 டிசம்பரிலிருந்து சுயாதீன இயக்குநர் தரவு வங்கியை நடத்துகிறது. பதிவு செய்து ஆன்லைன் தேர்வும் எழுதலாம். தொழில்முனைவோருக்கு நிதி ஆயோக் 2018-ல் தொடங்கிய மகளிர் தொழில்முனைவு தளம் உண்டு. ஃபிக்கியின் மகளிர் பிரிவான எஃப்எல்ஓ, சிஐஐ-யின் இந்திய மகளிர் நெட்வொர்க், பெங்களூருவின் அவேக் ஆகியவையும் உண்டு. பதிவு செய்வதோடு வேலை முடியாது. ஆனால் யாரையுமே தெரியாதவருக்கு முதல் படி அதுதான்.

இடைவெளியில் தொடர்பை அறுக்காதீர்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள். பாரத ஸ்டேட் வங்கியில், அருந்ததி பட்டாச்சார்யா தலைவராக இருந்தபோது குடும்பக் காரணங்களுக்காகப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை விடுப்பு வசதி கொண்டுவரப்பட்டது. அவரே 1977-ல் அங்கே பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, 2013-ல் அதன் முதல் பெண் தலைவரானவர். விடுப்பில் இருக்கும்போது வேலை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மூன்று பேரிடமாவது மாதம் ஒருமுறை பேசினால், திரும்பி வரும்போது புது ஆளாக நிற்க வேண்டி வராது.

எல்லாமே பெண்ணின் தலையிலா?

இல்லை. மேலே உள்ள யோசனைகளைப் பின்பற்றும் பெண்ணும், காலியிடம் அறிவிக்கப்படாமலேயே நிரப்பப்படும் நிறுவனத்தில் ஜெயிக்க முடியாது. நிறுவனங்கள் செய்ய வேண்டியது மூன்று. உள்ளுக்குள் இருக்கும் பெரிய பொறுப்புகளை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும். முக்கியச் சந்திப்புகளை மாலை 6 மணிக்கு மேல் வைக்காமல் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் ஒரே ஒரு பெண் மட்டும் இருந்தால், இன்னும் தேடச் சொல்லி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இயக்குநர் குழுக்களில் சுயாதீன இயக்குநரின் பதவிக்காலம் ஒரு தவணைக்கு ஐந்து ஆண்டு, தொடர்ந்து இரண்டு தவணைகள்தான். 2015, 2019, 2020 கெடுக்களில் உள்ளே வந்த பெண்களின் இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகும் காலம் இது. அந்த நாற்காலிகளுக்கு மறுபடியும் அதே சில பெயர்கள்தான் வருமா, அல்லது இதுவரை எந்தப் போன் புத்தகத்திலும் இல்லாத புதுப் பெயர்களும் வருமா? இப்போது உள்ளே இருக்கும் பெண்களும் ஆண்களும் அடுத்த கூட்டத்துக்கு யாருடைய பெயரை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது இருக்கிறது.